நடக்காத ஏழு படங்கள்

அன்று வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு மயூரி அக்காவின் புது வீடியோ வந்தது. எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. இரண்டும் ஒரே போனில், ஒன்றன்மேல் ஒன்றாக.

லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் நான் வேலை செய்யும் போன் திருத்தும் கடைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அக்காவின் 'எறிஞ்சு பாப்பம்' சானலில் எது வந்தாலும் முதல் கமெண்ட் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது மூன்று வருடமாக நான் கட்டிக்காத்த கௌரவம். அன்றும் போட்டேன்: 'முதல் ஆள் நான்தான் அக்கா.' அதற்கு முந்தைய பகுதியை, எறிந்த பந்து உச்சிக்குப் போன இடத்தில் வெட்டி முடித்திருந்தார். இப்போது திரையில் சிரித்துக்கொண்டு சொன்னார்: "போன கிழமை எறிஞ்ச பந்து இன்னும் விழேல்லை. மேலை நிண்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. வாங்கோ, இண்டைக்கு இறக்குவம்."

அந்தச் சிரிப்பின் மேல் அவருடைய தம்பி ரமணன் அண்ணையின் செய்தி வந்து விழுந்தது. 'அக்கா விடிய போயிட்டா. மூளைக்குள்ளை இரத்தம் கசிஞ்சதாம்.' வீடியோவை அக்கா இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றி, வியாழன் எட்டு மணி என்று நேரம் குறித்து வைத்திருக்கிறார். செய்திக்குக் கீழே அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. பந்து தரையைத் தொட்டபோது என் தரிப்பிடம் தாண்டிப் போயிருந்தது. அந்தக் கமெண்ட் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முதல் ஆள் நான்தான்.

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்கள் பலருக்குச் சானலைத் தெரியாது. சானலைத் தெரிந்தவர்களுக்கு வீட்டைத் தெரியாது. ஆகவே இரண்டு பேருக்குமாகச் சொல்கிறேன். மயூரி அக்காவுக்கு முப்பத்துநாலு வயது. லூயிஷாமில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பார். சனி, ஞாயிறுகளில் பொருட்களை எறிவார். டென்னிஸ் பந்து, உளுந்து வடை, பழைய செருப்பு, தண்ணீர் நிரப்பிய பலூன். எறிவதை விநாடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் கமராவில் பிடித்து, ஒவ்வொரு படத்திலும் பொருள் எங்கே இருக்கிறதென்று புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் வளைவு வரும். வளைவிலிருந்து பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்கு வரும். அவ்வளவுதான் சானல். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு எவ்வளவு பெரிது என்று விளக்கப் போனால் இந்த மலர் போதாது. "கையை விட்டாப் பிறகு அதுக்கு நாங்கள் ஆரோ எவரோ," என்பார். "பூமிதான் அதோடை கதைக்கும். நாங்கள் ஒட்டுக் கேக்கிறம்."

நான் அவருக்கு அறிமுகமானது ஒரு பொய்யினால். பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தைப் பாதியில் விட்டவள் நான். மிச்சத்தை வீடியோ பார்த்துத்தான் படித்தேன். ஒரு வருடம் லூயிஷாமில் தேர் பார்க்கப் போய், வீதியில் தேங்காய் உடைக்கிறதை என் போனில் பிடித்து, ஒரு செயலியில் போட்டு மெதுவாக்கி, 'விநாடிக்கு ஆயிரம் படம்' என்று பெருமையாக அவருக்கு அனுப்பினேன். சிதறிய தேங்காய்த் துண்டுகள் மிதந்து போகும். பார்க்க அருமையாக இருக்கும். அவருடைய பதில் எல்லாரும் பார்க்கும்படி வந்தது: 'தேங்காய்க்கு மூண்டு கண்தான் தங்கச்சி. உன்ரை தேங்காய்க்கு நாலு. நாலாவது கண் ஆருடையது?'

போய்ப் பார்த்தேன். சுழன்று பறக்கும் பாதி மூடியில் உண்மையாகவே நாலு கண். ஒரு படம் தள்ளினால் மூன்று. இன்னொரு படம் தள்ளினால் மறுபடி நாலு, ஒன்று மெல்ல மூடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கும்பிட்டு நின்ற ஒருவரின் கை பக்கத்தில் நின்றவரின் தோளுக்குள் உருகிப் போயிருந்தது. என் போன் விநாடிக்கு முப்பது படம்தான் எடுத்திருந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று செயலி தானாக நினைத்து, இல்லாத படங்களை வரைந்து நிரப்பியிருக்கிறது.

'மன்னியுங்கோ அக்கா, எனக்குத் தெரியாது,' என்று எழுதினேன்.

'உனக்குத் தெரியாது சரி. தேங்காய்க்குமோ தெரியாது?' என்று பதில் வந்தது. அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று: 'எடுத்த படம் கொஞ்சமெண்டாலும் போதும். நடக்காததைச் சேர்க்காதை. சனிக்கிழமை பிளேஸ்டோவுக்கு வா, உண்மையா மெதுவா ஒண்டு காட்டுறன்.'

பிளேஸ்டோவில் ஒரு பூங்காவின் ஓரமாக நீளமான செங்கல் மதில் இருக்கிறது. அதுதான் அவருடைய பின்திரையும் அளவுகோலும். எத்தனை கல் உயரம், எத்தனை கல் தூரம் என்று எண்ணினால் போதும். நான் போன புதிதில் அந்த மதிலடியில் எடுத்த கணக்கெல்லாம் பிழைத்தது. பூமியின் இழுப்பு ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டிய இடத்தில் எட்டரை வந்தது. பந்து மாற்றினோம், ஆள் மாற்றினோம், எட்டரைதான். அந்த மதிலடியில் மட்டும் எல்லாம் மெதுவாக விழுகிறது. பார்வையாளர்கள் விடுவார்களா? அங்கே என்ன இருந்தது, யார் செத்தது, பேய் போக ஒரு தேசிக்காய் வெட்டுங்கள் என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். அடுத்த முறை மதிலைத் தொடாமல் நின்றேன்.

மூன்றாம் கிழமை காரணம் எனக்கு அகப்பட்டது. அவர் கல்லை மட்டும் அளந்திருந்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்தைச் சேர்க்கவில்லை. பயந்து பயந்து சொன்னேன். அவர் அளவு நாடாவை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே கமராவைப் போட்டார். "மூண்டு கிழமையா பூமியின்ரை பலத்தைக் குறைச்சுச் சொல்லிப்போட்டன். பூமி மன்னிக்க வேணும். பிழை பிடிச்சது உந்தப் பிள்ளை, கை தட்டுங்கோ." பழைய வீடியோக்களை அழிக்கவில்லை. தலைப்பில் 'பிழை' என்று சேர்த்துவிட்டு அப்படியே விட்டார்.

அன்று திரும்பும்போது கேட்டேன். "லூயிஷாமிலை மதில் இல்லையா அக்கா? ஏன் கமராவைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம்?"

"இந்த மதில் நேர்," என்றார்.

மதிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய அம்மா வீடு. அது எனக்குப் பிறகுதான் தெரியும். கல்யாணம் பேசி வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, மயூரி அக்கா லூயிஷாமில் தனியாக ஓர் அறை எடுத்துப் போன நாளிலிருந்து அந்த அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், அவரோடு கதைக்கவில்லை. ஒன்றரை வருடம். இதை நான் எழுதலாமோ என்று யோசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எறிவதற்கு முன்னால் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சத்தமாக எண்ணுவது அவர் வழக்கம். மெதுவாக்கிய படத்தில் அந்தக் குரல் கிணற்றின் அடியிலிருந்து ஒரு கிழவன் கூப்பிடுவதுபோல வரும். தன் பிள்ளை பயந்து அழுததாக ஒரு தாய் எழுதினார். அதற்கு அவர், 'பயப்பிடாதை செல்லம், அது பேயில்லை, மாமிதான், எட்டிலை ஒரு பங்கு வேகத்திலை' என்று பதில் போட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு அந்தக் குரலைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. சாதாரண வேகத்தில் கேட்டால் அவர் இருக்கிறார். மெதுவாக்கினால், எங்கிருந்தோ எண்ணுகிறார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் ரமணன் அண்ணை என்னைப் பிளேஸ்டோ வீட்டுக்கு வரச் சொன்னார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது இந்த நினைவு மலர், அச்சடிக்க வேண்டும், அட்டைப்படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார். முன்னறையில் அன்ரி ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னிடம் நீட்டினார்.

மயூரி அக்கா. பின்னால் செங்கல் மதில். குனிந்த உடம்பு, நிமிர்ந்த கண், நேரே பார்த்த சிரிப்பு.

"உது என்னைப் பாத்துச் சிரிச்சது," என்றார் அன்ரி. "அவள் சாகிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம். புட்டும் கறியும் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனனான். அவள் தனியத்தான் நிண்டவள். நான் கமராவுக்குப் பின்னாலை போய் நிண்டன், கதைக்கேல்லை. அவளும் பாக்கேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். தம்பி ரமணன் வீடியோ செய்தாப் பிறகுதான் கண்டன். பாத்தவள்தானே பிள்ளை? உனக்குத்தானே உதெல்லாம் விளங்கும்."

அன்று எனக்குக் கடையில் ஷிப்ட். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பல் கூடுதலாக இருந்தது. "அச்சுக்கு ஒரிஜினல் வேணும் அன்ரி. எடுத்துப் பாத்திட்டு வாறன்," என்று எழும்பினேன்.

புள்ளி வைக்க நான் உதவி வந்ததால் ஒரிஜினல் எல்லாம் அக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் என்னிடம்தான் இருந்தன. ரமணன் அண்ணையிடம் இருந்தது அக்கா அன்று குடும்பக் குழுவில் போட்ட, எறிவதற்கு முந்தைய துண்டின் சின்னப் பிரதி, விநாடிக்கு முப்பது படம். அதை அவர் ஒரு செயலியில் எட்டு மடங்கு மெதுவாக்கி, முகத்தைத் தெளிவாக்கி, இசை சேர்த்திருந்தார். இரண்டு படத்துக்கு நடுவே ஏழு படத்தைச் செயலி வரைந்திருக்கிறது. அக்காவின் கமராவோ அதே இரண்டு படத்துக்கு நடுவே ஏழு படத்தை உண்மையாகவே எடுத்திருந்தது. ஞாயிறு மதியம் கடையின் பின்னறையில், நடக்காத ஏழை இடப்பக்கமும் நடந்த ஏழை வலப்பக்கமும் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

தொடங்கும் படம் இரண்டிலும் ஒன்றுதான். கண் தாழ்ந்திருக்கிறது. இடப்பக்கம், ஒன்று: இமை தடிக்கிறது. இரண்டு: இமைக்குக் கீழே வெள்ளையாக ஏதோ. மூன்றில் கருவிழி வந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்தும் உருண்டு வரவில்லை, தண்ணீருக்குள்ளிருந்து மிதந்து மேலே வருவதுபோல வந்தது. நாலாவது படம் என்னைப் பார்த்தது. கதிரையைத் தள்ளி ஓரமாக நகர்ந்தேன். அங்கேயும் பார்த்தது. ஐந்தில் உதடு விரிந்து, ஆறில் மூடத் தொடங்கி, ஏழில் தோடு காதுக்குள் கரைந்து, எட்டில் கண் தாழ்ந்த பழைய மயூரி அக்கா. வலப்பக்கம், அதே ஏழு படத்திலும் இமை தாழ்ந்தே இருந்தது. ஒரு முடி நூலளவு அசைந்தது. பெருவிரல் பந்தின் மேல் கொஞ்சம் வழுக்கியது. வேறொன்றும் இல்லை. வலப்பக்கத்தில் ஒருவர் உயிரோடு இருந்தார். இடப்பக்கத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ரமணன் அண்ணைக்கு போன் எடுத்தேன். "அண்ணை, அட்டையிலை இருக்கிறது அக்கா இல்லை."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"அந்தப் படம் நடக்கேல்லை. செயலி செய்தது. அக்கா நிமிர்ந்து பாக்கேல்லை."

"நேத்துத்தான் அம்மா ஒழுங்காச் சோறு திண்டவ. உந்தப் படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு. நீ வந்து கணக்குச் சொல்லப் போறியோ?" என்றார்.

"கேட்டா என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லு. ஒரு ஓம். அவ்வளவுதான்."

எனக்கும் அந்த ஓமைச் சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் ஒரு படத்தையும் ஒரு அங்குலத்தையும் மாற்றாதவருக்கு எழுதும் அஞ்சலியின் அட்டையில் நாலாவது கண்ணை எப்படிப் போடுவது? சொல்வதற்கு முன்னால் எனக்கு இன்னும் ஏதாவது வேண்டும் என்று அந்தப் பதிவை முழுதாக ஓடவிட்டேன்.

அது 'கெட்டது' என்ற கோப்புறையில் இருந்தது. பிழைத்த எறிகளை அக்கா அழிப்பதில்லை. கெட்ட காரணத்தைப் பெயராக வைத்து அங்கே போடுவார். 'காத்து.' 'நாய் வந்தது.' 'கை நடுங்கினது.' இந்தப் பதிவின் பெயர் 'அம்மா'. அன்ரி வந்ததால் குழம்பிப்போய் எறிந்தார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு பழக்கதோஷத்தில் பந்தின் அகலத்தை அளந்தேன்.

மதிலை ஒட்டி, கமராவுக்குக் குறுக்காக எறிந்தால் பந்து படத்தில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவாகத் தெரியும். கமராவை நோக்கி வந்தால் பெருத்துக்கொண்டு வரும், கணக்குப் பிழைக்கும். அதற்காகவே அவர் தரையில் சோக்கால் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல்தான் எறிவார். அதே நாள் அதற்கு முன் எறிந்தவை எல்லாம் திரையில் நாற்பது பிக்சல் அகலத்தில் தொடங்கி நாற்பதிலேயே முடிந்திருந்தன. இது நாற்பதில் தொடங்கியது. ஐம்பது. அறுபத்தைந்து. தொண்ணூறில் கமராவின் பக்கத்தால் வெளியே போனது. எண்ணாமல் எறிந்திருக்கிறார். அதிலே வேகமும் இல்லை. குழந்தைக்குப் பந்து போடுகிற மாதிரிப் பதமாக, கீழ்க்கையால்.

அடுத்த நாள் மடிக்கணினியோடு பிளேஸ்டோவுக்குப் போனேன். ரமணன் அண்ணை கதவு நிலையில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் நின்றார். பதினான்கு படங்களையும் அன்ரிக்குக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப உந்தக் கண் ஆரின்ரை?"

"ஒருத்தற்றையும் இல்லை அன்ரி. கன பேற்றை முகத்தைப் பாத்துப் பழகின மெசின், இப்பிடி இருந்திருக்கும் எண்டு கீறினது."

அன்ரி தாளைக் கவிழ்த்து வைத்தார். ரமணன் அண்ணை, "இப்ப சந்தோசமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"பொறு தம்பி," என்றார் அன்ரி.

பந்தின் அளவுகளைச் சொன்னேன். அது கோட்டை விட்டு, அவர் நின்ற பக்கமாக வந்ததைச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "வந்து என்ரை செருப்பிலை பட்டு நிண்டது. தவறி வந்ததாக்கும் எண்டு நினைச்சன்."

"தவறி வரேல்லை அன்ரி. அண்டைக்கு எறிஞ்சதிலை வேறை ஒண்டும் உப்பிடி வரேல்லை. எண்ணிப் போட்டுத்தான் எறியிறவ, இதுக்கு எண்ணவும் இல்லை. உங்களுக்குத்தான் போட்டவ."

அன்ரி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குனிஞ்சு எடுத்துக் குடுத்திருந்தா ஏதும் கதைச்சிருப்பம். நான் எடுக்கேல்லை பிள்ளை. சாப்பாட்டுப் பையை பூங்கா வாங்கிலை வைச்சிட்டுத் திரும்பி வந்திட்டன்."

பதிவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. காட்டுவதா வேண்டாமா என்று நான் யோசிக்கும்போதே அது ஓடத் தொடங்கிவிட்டது. பந்து படத்தை விட்டுப் போனபின் மயூரி அக்கா நிமிர்கிறார். முகம் மேல் விளிம்புக்கு அப்பால் போய்விடுகிறது. பிறகு மதிலும், ஓரத்தில் எறிந்தபடியே நீண்டு, விரல் திறந்திருக்கும் ஒரு கையும் மட்டும். கண் எங்கே பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பொலித்தீன் பை சரசரக்கிறது. காலடிகள் தூரப் போகின்றன. கை அப்படியே இருக்கிறது. பதினொரு விநாடி. அதற்குப் பிறகுதான் விரல்கள் மடங்குகின்றன.

அன்ரி மூன்று தரம் பார்த்தார். ரமணன் அண்ணை கதவடியை விட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"இதைப் போடுங்கோ அட்டைக்கு," என்றார் அன்ரி. "முகம் வேண்டாம்."

"சனம் கேக்குமே அம்மா, ஏன் கை மட்டும் எண்டு."

"கேக்கட்டும். நீ எழுது பிள்ளை. உள்ளதை எழுது. நான் குனியேல்லை எண்டதையும் எழுது."

எழுதிவிட்டேன் அன்ரி.

'கெட்டது' கோப்புறை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். சானலில் வந்த நல்ல எறிகள் எல்லாருக்கும் சொந்தம். 'அம்மா' என்ற பதிவில் ஒரு படத்தையும் நான் வெட்டவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. அதை மெதுவாக்கியும் பார்ப்பதில்லை. மயூரி அக்கா எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றாரோ, அவ்வளவு நேரம்தான் அது ஓடுகிறது.